சிம் கார்டில் வீட்டு வைஃபை: வாங்கும் முன் அளக்க வேண்டியவை, அமைக்கும் முறை

உங்கள் தெருவுக்கு ஃபைபர் கேபிள் வந்துவிட்டதென்றால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். கீழே உள்ள எந்த வேலையும் தேவைப்படாது. ஜியோஃபைபரில் 2020-இல் வந்த 399 ரூபாய் பிளானை எடுத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மாதம் 471 ரூபாய். 30 எம்பிபிஎஸ் வேகத்தில் 3,300 ஜிபி வரை ஓடும். அதே நிறுவனத்தின் கைபேசி பிளானில், 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு, 349 ரூபாய்க்கு 28 நாள், தினம் 2 ஜிபி. மொத்தமே 56 ஜிபிதான். ஒரு ஜிபிக்கு என்ன விலை என்று பார்த்தால் சிம் கார்டு கிட்டேயே வர முடியாது.

சிம் கார்டு வழி வேறு ஆட்களுக்கானது. கேபிள் இன்னும் எட்டாத ஊர், ஆறு மாதத்தில் காலி செய்யப்போகும் வாடகை வீடு, சனி ஞாயிறு மட்டும் போய்வரும் தோட்டத்து வீடு, வாட்ஸ்அப்பும் ஒரு மணி நேர யூடியூபும் போதும் என்கிற பெரியவர்கள் இருக்கும் வீடு. இங்கெல்லாம் ஒரு சிம்மும் ஒரு சிறு ரவுட்டரும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டை முதலில் அளக்க வேண்டும்: உங்கள் வீடு தின்னும் ஜிபி எவ்வளவு, உங்கள் சுவருக்குள் நுழையும் சிக்னல் எவ்வளவு. இதை அளக்காமல் ரவுட்டர் வாங்கியவர்கள்தான் மூன்று மாதத்தில் அதைப் பாதி விலைக்கு விற்க ஆள் தேடுகிறார்கள்.

எத்தனை ஜிபி வேண்டும்

வீட்டில் இப்போது எல்லோரும் தத்தம் கைபேசி டேட்டாவில் இருக்கிறீர்கள் என்றால் கணக்கு எளிது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டேட்டா யூஸேஜ் பக்கத்தில் மாதக் கணக்கு இருக்கும். மடிக்கணினிக்கு விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் கடந்த 30 நாள் கணக்கு உண்டு. எல்லாவற்றையும் கூட்டுங்கள். டிவிதான் இந்தக் கணக்கில் சிக்காது. அதற்கு மணிக்கணக்கைப் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

யூடியூப் 480பி தரத்தில் மணிக்கு ஏறக்குறைய அரை ஜிபி இழுக்கும். 720பி என்றால் ஒரு ஜிபியைத் தாண்டும். 1080பி இரண்டு ஜிபி, சில வீடியோக்களில் அதற்கும் மேல். நெட்ஃபிலிக்ஸ் தானே சொல்லும் கணக்கு: குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7, எச்டியில் 3 வரை, 4கே-யில் 7 வரை. ஜூம் குழு அழைப்பு மணிக்கு 800 எம்பியில் தொடங்கி, எல்லோரும் கேமராவைப் போட்டால் 2.4 ஜிபி வரை போகும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் தினம் மூன்று மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்தால், மணிக்கு ஒரு ஜிபி என்று வைத்தாலே 22 வேலை நாளில் 66 ஜிபி. ஒரு 56 ஜிபி பிளான் அங்கேயே தீர்ந்தது.

கூட்டிப் பார்த்து மாதம் 50 ஜிபிக்குள் வந்தால் ஒரு சிம் போதும். நூறை ஒட்டி வந்தால் இரண்டு சிம், அல்லது வரம்பற்ற 5ஜி கிடைக்கும் இடமாக இருந்தால் ஒரு 5ஜி கைபேசி. 150-ஐத் தாண்டினால் இந்த வழியை விட்டுவிடுங்கள். ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ அதே ஆண்டு செப்டம்பரிலும் தொடங்கிய ஏர்ஃபைபர் சேவைகளை விசாரிப்பது நல்லது. அதுவும் டவரிலிருந்து காற்று வழியாக வருவதுதான். ஆனால் நிறுவனமே கருவியைக் கொண்டுவந்து பொருத்தும், மாத அளவும் கைபேசி பிளானைவிட மிகப் பெரியது.

சிக்னலை எண்ணால் அளப்பது

கைபேசி மேலே காட்டும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. வேண்டியது எண். ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* அடித்தால் பல கைபேசிகளில் சோதனைப் பக்கம் திறக்கும், சாம்சங்கில் *#0011#, ஐஃபோனில் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். நெட்மான்ஸ்டர் என்ற இலவசச் செயலியும் இதையே தெளிவாகக் காட்டும்.

அங்கே இரண்டு எண்ணைப் பார்த்தால் போதும். ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது. அது மைனஸ் எண்ணில் இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. −90-க்கு மேல் இருந்தால் கவலையில்லை, −100 வரை சமாளிக்கலாம், −110-க்குக் கீழே போனால் வீட்டு இணையத்துக்கு லாயக்கில்லை. எஸ்ஐஎன்ஆர் என்பது அந்தக் குரல் சுற்றியுள்ள இரைச்சலிலிருந்து எவ்வளவு பிரிந்து கேட்கிறது என்பது. 20-க்கு மேல் அருமை, 13-க்கு மேல் நன்று, 5-க்குக் கீழே வேகம் படுத்துவிடும், பூஜ்யத்துக்குக் கீழே போனால் அடிக்கடி அறுபடும். புதியவர்கள் ஆர்எஸ்ஆர்பி மட்டும் பார்த்து ஏமாறுவார்கள். சிக்னல் −80 இருந்தும் மூன்று டவர் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் எஸ்ஐஎன்ஆர் 2 இருக்கும். அங்கே வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். டவர் சற்றுத் தள்ளி −98 இருந்தாலும் எஸ்ஐஎன்ஆர் 15 உள்ள கிராமத்து வீட்டில் படம் நிற்காமல் ஓடும்.

வீட்டின் ஒவ்வொரு அறையிலும், ஒவ்வொரு ஜன்னலிலும், மொட்டை மாடியிலும் நின்று இந்த இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியை ஒரே இடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் வைத்த பிறகு வரும் எண்ணை எடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா நிறுவன சிம்மிலும் இதைச் செய்யுங்கள். இல்லாத சிம்முக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசியை ஐந்து நிமிடம் கேட்டு வாங்கலாம்.

அடுத்தது வேகம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலி இருக்கிறது. வேறு எதுவானாலும் சரி. காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை. இரவு ஒன்பது மணி எண்தான் உங்கள் உண்மையான வேகம். பகலில் 40 எம்பிபிஎஸ் காட்டிவிட்டு, ஊரே ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் 3-க்கு இறங்கும் டவர்கள் நிறைய. ஒரு டிவிக்கும் இரண்டு கைபேசிக்கும் இரவில் 8 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: 5ஜியில் ஒரு வேகச் சோதனை சில நூறு எம்பியை விழுங்கும். பொழுதுபோக்காகச் செய்யாதீர்கள்.

எந்த நிறுவனம், எந்த பிளான்

உங்கள் சுவருக்குள் எது நன்றாக வருகிறதோ அதுதான் நல்ல நிறுவனம். பிளான் விலையில் 30 ரூபாய் வித்தியாசத்துக்காக எஸ்ஐஎன்ஆர் குறைந்த நிறுவனத்தை எடுப்பது வீண் சிக்கனம்.

பிளானில் கவனிக்க வேண்டியது நாள் வரம்பு. தினம் 2 ஜிபி என்றால் இன்று மிச்சமான 1.5 ஜிபி பெரும்பாலான பிரீபெய்டு பிளான்களில் நள்ளிரவோடு போய்விடும். திங்கள் முதல் வெள்ளி வரை அரை ஜிபியும், ஞாயிறு 6 ஜிபியும் செலவழிக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. அவர்கள் நாள் வரம்பில்லாமல் மொத்தமாகத் தரும் டேட்டா பேக்குகளைப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பல டேட்டா பேக்குகள் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அடிப்படை பிளானின் மேல்தான் ஏறும், தனியாகச் செல்லுபடி நாள் உள்ளதா என்று ரீசார்ஜ் செய்யும் முன் பார்க்க வேண்டும். வோடஃபோன் ஐடியாவின் சில பிளான்களில் மீந்த டேட்டாவை வார இறுதிக்குக் கொண்டுபோகும் வசதியும், நள்ளிரவு முதல் காலை ஆறு வரை கணக்கில் சேராத டேட்டாவும் இருந்துவந்திருக்கின்றன. பெரிய கோப்புகளை இரவில் இறக்குகிறவர்களுக்கு அது லாபம், அங்கே டவர் இருந்தால்.

நாள் வரம்பு தீர்ந்ததும் பெரும்பாலும் இணைப்பு நிற்காது. 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். ஒரு எம்பி படம் இறங்க இரண்டு நிமிடம் ஆகும் வேகம் அது. வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், வேறொன்றும் நகராது.

28 நாள் பிளான் என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். 349 ரூபாய் பிளானுக்கு ஆண்டுச் செலவு 4,537. மாதத்துக்குப் பிரித்தால் 378. பிரீபெய்டு விலையில் ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். போஸ்ட்பெய்டிலும் ஃபைபரிலும் அது தனி. ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவது வழக்கமான பிசகு.

வரம்பற்ற 5ஜி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 ஜூலைக்குப் பின் ஜியோ இதை நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்கு மட்டும் என்று குறுக்கியது. வீட்டுக்குள் நிலையான 5ஜி வந்தால் இது பெரிய வரம்தான். ஆனால் கைபேசி 4ஜிக்கு நழுவும் ஒவ்வொரு நிமிடமும் நாள் வரம்பிலிருந்து கழியும். 5ஜி பயன்படுத்தும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர் தாண்டினாலே சோர்ந்துபோகும், ஆகையால் ஜன்னலோரம் 5ஜி என்றும் கூடத்தில் 4ஜி என்றும் மாறி மாறி வரும். ஜியோவின் 5ஜி 4ஜியைச் சாராமல் தனித்து இயங்கும் வகை. அந்த வகையை ஏற்காத பழைய 5ஜி கைபேசியில் அது வராது. அப்புறம், கைபேசி பிளானில் கிடைக்கும் வரம்பற்ற 5ஜி, கடையில் வாங்கிய 5ஜி ரவுட்டரிலும் அப்படியே கிடைக்கும் என்று நினைத்துப் பத்தாயிரம் ரூபாய் போடாதீர்கள். அந்தச் சலுகை கைபேசிக்கென்று தரப்படுவது. எந்த பிளானானாலும் சொந்த வீட்டு உபயோகத்துக்குத்தான்; நான்கு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்துக் காசு வாங்கினால் இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

கருவி: மூன்று வழி

முதல் வழியில் செலவே இல்லை. மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய 4ஜி கைபேசியில் சிம்மைப் போட்டு ஹாட்ஸ்பாட் திறப்பது. முதல் ஒரு மாதத்துக்கு எல்லோரும் இப்படித்தான் தொடங்க வேண்டும். கணக்கும் சிக்னலும் சரிதானா என்று காசு போடாமலே தெரிந்துவிடும். ஹாட்ஸ்பாட் அமைப்பில், யாரும் இணையாவிட்டால் தானாக அணையும் நேரத்தை முடக்கி வையுங்கள், இல்லாவிட்டால் தினம் காலையில் போய்த் திறக்க வேண்டியிருக்கும். நாள் முழுக்கச் சார்ஜரில் சூடாக இருந்தால் பேட்டரி உப்பும். 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு கைபேசியில் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் தினம் சில மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏறும்படி ஒரு டைமர் பிளக் வாங்குங்கள். பின்மூடி தூக்கிக்கொண்டு தெரிந்தால் அன்றே அதை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, பேட்டரியோடு வரும் உள்ளங்கை அளவு ஹாட்ஸ்பாட் கருவி. பயணத்துக்கு நல்லது. வீட்டுக்கு அதன் ஆன்டெனா சிறியது, கேபிள் செருகும் லேன் துளையும் பெரும்பாலும் இருக்காது. நிறுவனங்களே விற்றவை அந்தந்த நிறுவன சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். ஜியோ விற்ற ஜியோஃபையில் ஏர்டெல் சிம் ஓடாது.

மூன்றாவது, சிம் போடும் 4ஜி ரவுட்டர். நிலையாக வைக்கப்போகிறீர்கள் என்றால் இதுதான். சுமார் 2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 300 எம்பிபிஎஸ் என்பது வைஃபை வேகம். 4ஜி வேகம் அல்ல. 4ஜி பகுதியின் வேகத் தரத்தை கேட் எண் சொல்லும்: கேட் 4 என்றால் அதிகபட்சம் 150, கேட் 6 என்றால் இரண்டு அலைவரிசையைச் சேர்த்து 300. உங்கள் இரவு வேகம் 15 என்றால் கேட் 6-க்கு இரட்டிப்பு விலை கொடுப்பதில் பொருள் அதிகமில்லை. அந்தக் காசை நல்ல இடத்துக்கு இழுக்கும் லேன் கேபிளுக்குச் செலவழிக்கலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது அலைவரிசைப் பட்டியல், அதாவது பேண்ட் எண்கள். ஜியோ 4ஜிக்கு 3, 5, 40. ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. வோடஃபோன் ஐடியாவுக்கு 1, 3, 8, சில இடங்களில் 41. பிஎஸ்என்எல்லின் புதிய 4ஜி பேண்ட் 28-ஐயும் 1-ஐயும் நம்பியிருக்கிறது. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் 28 கிடையாது, வாங்கிவிட்டு டவர் இல்லையென்று புலம்புவதற்கு இதுவே காரணம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ரவுட்டரில் பெரும்பாலும் 3-ம் 40-ம் இருக்காது. ஜியோ சிம் அதில் 5-இல் மட்டும் ஒட்டிக்கொண்டு நத்தை வேகத்தில் ஓடும். ரவுட்டர் கெட்டுவிட்டதாகத் தோன்றும், கெட்டிருக்காது. பழைய கருவியை இரண்டாம் கையில் வாங்கினால், அதன் ஐஎம்இஐ எண்ணை (கருவிக்கே உரிய அடையாள எண்) கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எழுதி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கலாம்.

அமைக்கும் வரிசை

1. வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்த எண்ணை ரவுட்டருக்குள் போடாதீர்கள். ஓடிபி வந்தால் அது ரவுட்டரின் எஸ்எம்எஸ் பக்கத்தில்தான் விழும், அழைப்பு வந்தால் யாருக்கும் கேட்காது. இதற்கென்று தனி சிம் வாங்குங்கள்.

2. புது சிம்மை முதலில் ஒரு கைபேசியில் போட்டு, சரிபார்ப்பு அழைப்பை முடித்து, ரீசார்ஜ் செய்து, ஒரு வலைப்பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். நேரே ரவுட்டரில் போட்டால் தவறு சிம்மிலா ரவுட்டரிலா என்று தெரியாமல் அலைவீர்கள்.

3. அந்தக் கைபேசியிலேயே நிறுவனச் செயலியில் (மைஜியோ, ஏர்டெல் தேங்க்ஸ் போன்றவை) இந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள். நுழைவு ஓடிபி இப்போது கையில் வரும். சிம் ரவுட்டருக்குப் போன பிறகு அதைத் தேட வேண்டியிருக்கும். தினசரி மிச்சத்தைக் காட்டப்போவது இந்தச் செயலிதான்.

4. சிம் பூட்டுக் குறியீடு போட்டிருந்தால் நீக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் ரவுட்டர் குறியீட்டுக்காகக் காத்து நிற்கும்.

5. ரவுட்டரை அணைத்த நிலையில் சிம்மைச் செருகுங்கள். சில ரவுட்டர்களில் துளை மைக்ரோ சிம் அளவு. நானோ சிம்முக்கு அடாப்டர் சட்டம் பெட்டியிலேயே இருக்கும். சட்டமில்லாமல் தள்ளினால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

6. மின்சாரம் கொடுத்து இரண்டு நிமிடம் பொறுத்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள வைஃபை பெயரில் இணைந்து, 192.168.1.1 அல்லது 192.168.0.1 முகவரியைத் திறங்கள்.

7. முதல் வேலை, நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுவது. பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது 3. பொத்தானை அழுத்தினால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.

8. இணையம் தானாக வராவிட்டால் ஏபிஎன் (நிறுவனத்தின் இணைய நுழைவாயிலின் பெயர்) பகுதிக்குப் போங்கள். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், இரண்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளியின்றி. ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் என்று சேர்த்து எழுதிப் புள்ளி, காம். வோடஃபோன் ஐடியாவுக்கு மூன்று டபிள்யூ மட்டும். முகவரி வகையில் ஐபிவி4-ம் ஐபிவி6-ம் சேர்ந்த தேர்வை வையுங்கள். ஜியோ ஐபிவி6-ஐ அதிகம் சார்ந்தது. ஒன்றை மட்டும் தேர்ந்தால் சில தளம் திறக்கும், சில திறக்காது.

9. டேட்டா வரம்பு என்ற பகுதி இருந்தால், பிளானின் அளவையும் எச்சரிக்கை எல்லையையும் அங்கே எழுதுங்கள்.

எங்கே வைப்பது

ரவுட்டரின் விலையைவிட அது இருக்கும் இடம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். டிவிக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறது என்பதற்காக அங்கே வைப்பதுதான் வழக்கமான தவறு. நீங்கள் அறை அறையாகக் குறித்த எண்களில் எஸ்ஐஎன்ஆர் எங்கே அதிகமோ அங்கே வைத்துப் பாருங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே இந்த எண்கள் தெரியும். அரை மீட்டர் நகர்த்தினாலே ஐந்து, ஆறு டெசிபல் மாறுவதுண்டு.

கான்கிரீட் கூரை சிக்னலைக் குறைக்கும் என்றால், தகரக் கூரையும் இரும்பு ஷட்டரும் ஏறக்குறைய அடைத்தே விடும். கொசுவுக்கு அடித்த இரும்பு வலை ஜன்னலும் கெடுதல். நைலான் வலையாக இருந்தால் பாதிப்பில்லை. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சிட்ட கண்ணாடியும் அலையைத் தடுக்கும். ஆகவே டவர் இருக்கும் திசைச் சுவரில், திறந்த ஜன்னல் ஓரம், ஆள் உயரத்துக்கு மேல். டவர் எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் பகுதி டவர்களைப் பார்க்கலாம்.

கீழ்த்தளத்தில் எங்கே வைத்தாலும் −110 என்றால் மாடிக்குப் போக வேண்டும். இங்கே பலர் வெளி ஆன்டெனா வாங்கி, பத்து மீட்டர் மெல்லிய ஒயரில் கீழே இறக்குகிறார்கள். ஆர்ஜி58 என்ற அந்த மெல்லிய கேபிள் 2 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் மீட்டருக்கு முக்கால் டெசிபலுக்கு மேல் தின்னும். பத்து மீட்டரில் எட்டு டெசிபல். ஆன்டெனா சேர்த்துக் கொடுத்ததை ஒயர் தின்றுவிட்டது. அதற்குப் பதில் ரவுட்டரையே மாடிப்படி முடியும் அறையில் வைத்து, அங்கிருந்து கேட்6 லேன் கேபிளைக் கீழே இறக்குங்கள் (இந்த கேட்6 கேபிளின் தரம், முன்பு சொன்ன 4ஜி கேட் 6 வேறு). 100 மீட்டர் வரை அதில் வேகம் குறையாது. கீழே ஒரு பழைய வைஃபை ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் நிலையில், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும், மாட்டினால் முடிந்தது. வெயில் நேரே விழும் மொட்டை மாடியில் சாதாரண ரவுட்டரை வைக்கக் கூடாது, சித்திரை மாதத்தில் சூட்டிலேயே தானாக அணைந்து அணைந்து எழும். கம்பத்தில் மாட்ட வேண்டிய கட்டாயம் என்றால் சிசிடிவிக்காரர்கள் பயன்படுத்தும் வெளிப்புற 4ஜி ரவுட்டர் உண்டு. லேன் கேபிள் வழியே மின்சாரமும் ஏறும். இடி மின்னல் நேரத்தில் அந்தக் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

வெளி ஆன்டெனாதான் தீர்வு என்றால் ஒயர் இரண்டு மீட்டரைத் தாண்டக் கூடாது, ரவுட்டரில் எஸ்எம்ஏ திருகுத் துளை இருக்க வேண்டும், ஆன்டெனா இரண்டாக வேண்டும். 4ஜி இரண்டு பாதையில் தரவை அனுப்புகிறது, ஒன்று மட்டும் மாட்டினால் பாதி வேகம் போகும். இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்த்து மாட்டுவது முறை. சிக்னல் பூஸ்டர் என்று இணையத்தில் விற்கும் பெட்டியைத் தொடாதீர்கள். உரிமமின்றி அதை வைப்பது சட்டப்படி குற்றம். சுற்றுவட்டாரத்தில் எல்லோர் கைபேசியும் கெடும்.

மின்வெட்டுக்கு ஒரு சிறு டிசி யூபிஎஸ் போதும், இன்வெர்ட்டர் தேவையில்லை. ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 கொடுத்தால் அதோடு சரி.

டேட்டா எங்கே ஒழுகுகிறது

கைபேசியும் மடிக்கணினியும் வைஃபை என்றால் அளவில்லாதது என்றே எண்ணிக்கொள்கின்றன. சிம் ரவுட்டரில் இணைந்த அன்றே, இதுவரை அடக்கி வைத்திருந்த படச் சேமிப்பு, செயலிப் புதுப்பிப்பு, விண்டோஸ் புதுப்பிப்பு எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். முதல் நாளே காலை பத்து மணிக்கு 2 ஜிபி தீர்ந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டுத் திருடன் அல்ல, உங்கள் கூகுள் போட்டோஸ்தான்.

இதில் ஒரு நுணுக்கம். ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மற்றோர் ஆண்ட்ராய்டு இணைந்தால், இது அளவுள்ள டேட்டா என்பதை முதல் கைபேசியே சொல்லிவிடும். ரவுட்டர் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே ஒவ்வொரு கருவியிலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபை பெயரின் அமைப்புக்குள் போய் மீட்டர்டு என்று வையுங்கள். ஐஃபோனில் லோ டேட்டா மோடு. விண்டோஸில் அந்த இணைப்புக்கு மீட்டர்டு கனெக்‌ஷன். பிளே ஸ்டோரில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வைஃபையில் இருக்கும்போது படம், ஒலி, வீடியோ, ஆவணம் நான்கும் தானாக இறங்கும்படிதான் வரும். குடும்பக் குழுக்களின் காலை வணக்கம் மட்டுமே ஒரு வீட்டின் டேட்டாவைக் கணிசமாகத் தின்னும். நான்கையும் எடுத்துவிடுங்கள்.

டிவிதான் மிகப் பெரிய வாய். நெட்ஃபிலிக்ஸில் கணக்கு அமைப்பில் தரத்தை நடுத்தரத்தில் பூட்டிவைக்கலாம். யூடியூப் ஒவ்வொரு முறையும் தன் விருப்பத்துக்கு ஏற்றிக்கொள்ளும். அதை மடக்க ரவுட்டரில் வழி இருக்கிறது. பேண்ட்விட்த் கன்ட்ரோல் பகுதியில் டிவிக்கு மட்டும் 2.5 எம்பிபிஎஸ் வரம்பு வையுங்கள். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் முழுக்க ஓடினாலும் 1.13 ஜிபிக்கு மேல் போக முடியாது, 1.5 என்று வைத்தால் 0.7 ஜிபிதான். படம் தானாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும். பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது.

என்ன கெடும், ஏன்

இரவில் மட்டும் மெதுவாகிறது என்றால் டவரில் நெரிசல், ரவுட்டரை மாற்றிப் பயனில்லை. அலைவரிசையைப் பூட்டும் வசதி உள்ள ரவுட்டராக இருந்தால் வேறு பேண்டில் நிறுத்திச் சோதிக்கலாம்: 40 வேகமானது, ஆனால் ஊரே அதில் இருக்கும், 3 பல இடங்களில் நடுநிலை, 5-ம் 8-ம் சுவரைத் துளைத்து வரும், ஆனால் அகலம் குறைவு. ஒரு வாரம் மாறி மாறிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, சில நாளுக்கு ஒருமுறை இணையம் மட்டும் நின்று போகிறதென்றால் ரவுட்டர் தொலைவில் உள்ள டவரில் ஒட்டிக்கொண்டு விட மறுப்பது காரணமாக இருக்கலாம். விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக மறுதொடக்கம் ஆகும்படி வையுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

ஜன்னலோரம் வேகம் வருகிறது, உள் அறையில் வரவில்லை என்பது 4ஜி கோளாறல்ல, வைஃபை கோளாறு. லேன் கேபிளில் மடிக்கணினியை மாட்டிச் சோதித்தால் உடனே பிரிந்து தெரியும்.

சிசிடிவி வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். கைபேசி வலைப்பின்னலில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி கிடைக்காது, ஆயிரக்கணக்கானோர் ஒன்றைப் பகிர்கிறார்கள். அதனால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பும் அமைப்பு) என்னதான் போட்டாலும் வெளியிலிருந்து கேமராவுக்குள் வர முடியாது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கும் கேமராதான் வேலை செய்யும். ஆன்லைன் விளையாட்டுகளில் ஸ்ட்ரிக்ட் நாட் என்ற எச்சரிக்கை வருவதும் இப்படி முகவரியைப் பகிர்வதால்தான். இரண்டாவது, கணக்கு: 2 எம்பிபிஎஸ் கேமரா ஒன்று இரவும் பகலும் கிளவுடுக்கு அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிபி. பதிவு மெமரி கார்டிலேயே நடக்கட்டும், தேவைப்படும்போது மட்டும் திறந்து பாருங்கள்.

பின்னொரு நாள் தெருவுக்கு ஃபைபர் வந்தால் ரவுட்டரை விற்க வேண்டியதில்லை. லேன் துளைகளில் ஒன்று வான் (வெளியிலிருந்து இணையம் வரும் துளை) என்றும் குறிக்கப்பட்டிருந்தால் ஃபைபர் பெட்டியின் கேபிளை அதில் செருகலாம். ஃபைபர் அறுந்தால் 4ஜிக்குத் தாவும் அமைப்பு பல ரவுட்டர்களில் உண்டு. சிம்முக்கு அதன்பின் பெரிய பிளான் வேண்டாம். எண் உயிரோடு இருக்கும் அளவுக்குச் சிறிய ரீசார்ஜ் செய்து, கேபிள் அறுந்த அன்று ஒரு டேட்டா பேக் ஏற்றிக்கொள்ளலாம்.